சங்கு ஊதாத வேலை

போன மாதம் பேத்தி தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். "தாத்தா, சம்பளம் நல்லா வரணும். ஆனா இத்தனை மணிக்கு வா, இத்தனை மணிக்குப் போன்னு யாரும் சொல்லக் கூடாது. அப்படி ஏதாவது வேலை இருக்கா?"

37 வருடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட குமாஸ்தாவிடம் கேட்கிற கேள்வியா இது! சிரித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க யோசிக்க, அப்படிப்பட்ட வேலைகளின் நடுவில்தான் மதுரையில் இத்தனை காலம் குடியிருந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. ஒன்று என் வீட்டுக்குள்ளேயே நடந்தது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இதைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். லா ஃபோன்டேன் எழுதிய ஓநாயும் நாயும் கதையை அங்கேதான் படித்தேன். கொழுகொழுவென்று இருக்கும் வீட்டு நாயைப் பார்த்து, எலும்பும் தோலுமான ஓநாய் தானும் அதோடு போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பும். வழியில் நாயின் கழுத்தில் பட்டை உராய்ந்த தடத்தைப் பார்த்ததும் காட்டுக்கே திரும்பி ஓடிவிடும். நீங்கள் யாராக இருப்பீர்கள் என்று வாத்தியார் கேட்டார். வகுப்பு முழுவதும் ஓநாய் என்று கத்தினோம். அந்த வகுப்பில் பாதிப் பேர் பிறகு சர்க்கார் உத்தியோகத்துக்குத்தான் போனோம்! என் பேத்தி கேட்பது நாயின் சோறும் ஓநாயின் கழுத்தும்.

1973-ல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக மதுரைக்கு வந்தேன். அப்போது ஊருக்குக் கடிகாரம் ஆர்வி மில் சங்குதான். ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் ஊதினால் ஊரே எழுந்திருக்கும். ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற சகோதரர்கள் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் ஆலை வைத்த பிறகு மதுரைக்கு வந்தவர்கள். மதுரா மில்ஸ் 1892-ல் ஓடத் தொடங்கியது. பின்னாளில் அதுவே மதுரா கோட்ஸ் ஆயிற்று.

அந்தச் சங்குக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. நூற்பாலையில் வளர்ந்த ஆண் ஒருவன் நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் உழைக்கக் கூடாது என்று சட்டம் சொன்னதே 1911-ல்தான். 1922-ல் அது நாளைக்கு 11, வாரத்துக்கு 60 மணி ஆனது. 1934-ல் 10-ம் 54-ம். 1946-ல் 9-ம் 48-ம். 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் அதையே உறுதி செய்தது. இதெல்லாம் யாரும் தானமாகக் கொடுத்ததில்லை. ரோசாப்பூ துரை என்று நம் பக்கத்து ஜனங்கள் கொண்டாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், 1918-ல் மதுரை ஆலைத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார். கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் அந்தப் போராட்டங்களில் கேட்டுப் பெற்றவை. ஆக, 'இத்தனை மணிக்குப் போ' என்று ஒருவன் சொல்வதற்காகவே நம் முன்னோர் போராடியிருக்கிறார்கள். பேத்திக்கு இதைச் சொன்னால் நம்புவாளா தெரியவில்லை.

அதே ஊரில், திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் சங்கு செல்லாது. அங்கே சௌராஷ்டிர நெசவாளர்கள். வீட்டுக் கூடத்திலேயே குழித்தறி. வேண்டும்போது குழியில் இறங்கலாம், வேண்டாதபோது ஏறிவிடலாம். நண்பகலில் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பவரைப் பார்த்து, சைக்கிளில் அலுவலகத்துக்குத் திரும்பும் நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். கல்யாணத்துக்குப் போக அவர் யாரிடமும் விடுப்பு விண்ணப்பம் நீட்ட வேண்டாம். சுங்கடிச் சேலைக்குப் புள்ளி முடியும் பெண்களும் அப்படித்தான். அடுப்பில் உலை வைத்துவிட்டு, பேச்சோடு பேச்சாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பக்கமாகவே குடிவந்த பிறகுதான் மற்றது தெரிந்தது. பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டுவதை வெயில் ஏறுவதற்கு முன் முடித்தாக வேண்டும். தாமதித்தால் இழை முறுகி அறுந்துபோகும். அதனால் அந்தத் தெருவுக்கு விடிகாலையே சங்கு. தறியில் உட்காருவது ஒருவர். அவருக்குத் தார் சுற்ற மனைவியோ பிள்ளைகளோ ராட்டையில் உட்கார வேண்டும், அவர்களுக்குத் தனிக் கூலி கிடையாது. தீபாவளிக்கு முன்னால் இரவு பன்னிரண்டு மணிக்கும் தறிச் சத்தம் கேட்கும். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் குழியில் ஈரம் ஊறி, சில வீடுகளில் தண்ணீரே நின்றுவிடும். அப்போது வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஆர்வி மில் பெரும்பாலும் நூல் ஆலை. சங்குக்குக் கட்டுப்பட்டவன் நூற்றால்தான் சங்கு இல்லாதவன் நெய்ய முடியும். நூல் விலை ஏறினால் நெசவாளியின் சுதந்திரம் சுருங்கும். 1948-ன் சட்டமோ, மின்சாரம் இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்யும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்றது. ஒற்றைத் தறி ஓடும் வீட்டுக்குள் அது நுழையவே இல்லை. 1935-ல் பிறந்த கோ-ஆப்டெக்ஸும் கூட்டுறவுச் சங்கங்களும் ஓரளவு தாங்கின. ஆனாலும் மழை நாளுக்குக் கூலி கொடுப்பவர் எவருமில்லை. எனக்கோ மழை பெய்தாலும் முதல் தேதி சம்பளம்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 1981-ல் என் மனைவி எல்.ஐ.சி. முகவர் ஆனாள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். ஒரு சம்பளம் போதவில்லை. அவள் பத்தாம் வகுப்பு தேறியவள். வீட்டையும் பார்த்துக்கொண்டு வேலையும் செய்ய இதைவிட வேறென்ன என்று தோன்றியது.

1956 செப்டம்பர் 1-ம் தேதி எல்.ஐ.சி. உருவானபோது 154 இந்தியக் கம்பெனிகள், 16 வெளிநாட்டுக் கம்பெனிகள், 75 பிராவிடண்ட் சொசைட்டிகள், ஆக 245 நிறுவனங்கள் ஒன்றாயின. உத்தியோகஸ்தர்களுக்குச் சம்பளம், விடுப்பு எல்லாம் வந்தன. முகவர்கள் மட்டும் ஊழியர்கள் அல்ல, கமிஷன் ஆட்கள். வருகைப் பதிவேடு கிடையாது. வருடத்துக்குக் குறைந்தது 12 பேருக்காவது பாலிசி பிடிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

நான் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். 1964-ன் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 15-வது விதி: குடும்பத்தில் ஒருவர் இன்ஷூரன்ஸ் முகவரானால் தெரிவிக்க வேண்டும். மனைவியின் ஏஜென்சிக்காகக் கணவன் ஆள் பிடிப்பதும் குற்றம். பெண்டாட்டி பெயரில் ஏஜென்சி எடுத்துத் தானே பாலிசி பிடித்த அரசு ஊழியர்களை நீங்களும் அறிவீர்கள். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. அதனால் அவள்தான் நடந்தாள்.

எப்போது நடந்தாள் என்பதுதான் விஷயம். சம்பளக்காரர்களைக் காலை எட்டுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும்தான் பிடிக்க முடியும். வியாபாரிகளை மதியம் கடை ஓய்ந்திருக்கும்போது. பெரியாறு கால்வாய் பாயும் வாடிப்பட்டி, மேலூர் பக்கத்து விவசாயிகளுக்கு அரையாண்டுத் தவணை. தை அறுவடை முடிந்து நெல் காசானதும் பஸ் ஏறிப் போக வேண்டும். மார்ச் மாதம் வருமான வரிக் கணக்குக்காக எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். அவளை யாரும் எதற்கும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் நான் ஐந்தரைக்கு வேலை முடித்து வருவேன், அவள் அப்போதுதான் கிளம்புவாள். நாளெல்லாம் வீட்டு வேலை, விளிம்புகளில் வெளி வேலை.

வருமானம்? நன்றாகவே வந்தது, ஆனால் உடனே அல்ல. நீண்ட காலப் பாலிசியில் வருட பிரீமியம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் 25 சதவீதம், 250 ரூபாய். இரண்டாம், மூன்றாம் வருடங்களில் ஏழரை சதவீதம், 75 ரூபாய் வீதம். பிறகு வருடா வருடம் 5 சதவீதம், 50 ரூபாய். போனஸ் கமிஷனை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 20 வருடத்தில் மொத்தம் 1,250 ரூபாய். அதில் முதல் வருடத்தில் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு. மீதி நான்கு பங்கு, பாலிசிதாரர் விடாமல் கட்டினால்தான். குமாஸ்தா மூளை இதைக் கண்டுபிடித்து அவளிடம் சொன்னது. அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதனால்தான் பாலிசி பிடித்த வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தாள்.

மகால் பக்கத்து நெசவாளி ஒருவர் அவளிடம் காலாண்டுத் தவணையில் பாலிசி எடுத்திருந்தார். இரண்டரை வருடம் ஒழுங்காகக் கட்டினார். ஒரு கார்த்திகையில் மழை விடவில்லை, தறி நின்றுவிட்டது. சலுகை நாள் முடிவதற்குள் எப்படியாவது புரட்டித் தருகிறேன், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றிருந்தார். வெள்ளிக்கிழமை நல்ல மழை. அவளுக்குச் சளி. "உனக்கென்ன மேலதிகாரியா இருக்கான்? உன் வேலை, உன் இஷ்டம். நாளைக்குப் போ" என்று நான்தான் தடுத்தேன். நாளைக்கும் மழை. தேதி தாண்டிவிட்டது. புரட்டிய பணத்தை அவர் வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டார். பாலிசியைப் புதுப்பிக்க உடல்நிலை உறுதி கேட்டார்கள். அவருக்கு அதற்குள் நெஞ்சில் கோளாறு. அடுத்த ஆடியில் இறந்துபோனார். மூன்று வருடம் கட்டியிருந்தாலாவது ஏதாவது தேறியிருக்கும். அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மழை நாளில் அவள் குடையை எடுத்தால் நான் வாய் திறந்ததில்லை.

அவள் போய் ஒன்பது வருடம் ஆகிறது. முகவர் இறந்தாலும் பழைய பாலிசிகளின் கமிஷன் வாரிசுக்கு வரும் என்று விதி உண்டு. சில வருடங்கள் என் கணக்கில் அந்தப் பணம் வந்துகொண்டிருந்தது. பாலிசிகள் முதிர முதிரத் தொகை குறைந்தது. ஒரு மாதம் 112 ரூபாய் வந்தது. என் ஓய்வூதியத்தின் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. ஆனாலும் வங்கிப் புத்தகத்தில் அந்த வரியைத்தான் முதலில் தேடுவேன். யாரோ ஒருவர் வாடிப்பட்டியிலோ மேலூரிலோ அவள் பேச்சை நம்பி இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இப்போது மதியம் ஒரு மணிக்கு எங்கள் தெருமுனை ஹோட்டல் வாசலில், சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள் பைக்கில் சாய்ந்து நிற்கிறார்கள். விருப்பமான நேரத்தில் வேலை என்று சொல்லித்தான் சேர்க்கிறார்களாம். ஆனால் ஊர் பசிக்கிற நேரம்தானே அவர்கள் நேரம்? 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில்தான் இப்படிப்பட்டவர்களுக்கு முதன்முதலாக ஒரு பெயரே கிடைத்தது.

பேத்திக்கு இப்படிப் பதில் எழுதியிருக்கிறேன்: அம்மா, அப்படி வேலை உண்டு. உன் பாட்டி செய்தாள், உன் அப்பாவை அந்தப் பணத்தில்தான் கல்லூரிக்கு அனுப்பினோம். ஆனால் மணி பார்க்கிற முதலாளி இல்லை என்றால், மணியே இல்லை என்று எண்ணிவிடாதே. அது யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேள். மழை பெய்தால் உனக்குக் கூலி யார் கொடுப்பார்கள் என்று கேள். இன்று நீ உழைத்ததில் பத்து வருடம் கழித்து ஏதாவது வருமா என்றும் கேள். மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் தைரியமாகப் போ.

கடைசி வரியாக, ஒரு நல்ல குடை வாங்கிக்கொள் என்று எழுதினேன். ஏன் தாத்தா என்று கேட்டிருக்கிறாள். நேரில் வரும்போது சொல்ல வேண்டும்.