வில் என்று முடியும் ஊர்: இணுவிலின் நிலமும் நீரும்

வெளிநாடுகளில் வாழும் யாழ்ப்பாணத் தமிழர் பலருடைய பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் இணுவில் என்றிருக்கும். அவர்கள் எல்லோரும் இணுவிலார் அல்லர். அமெரிக்க மிசனைச் சார்ந்த மேரி லீச், மார்கரெட் லீச் சகோதரிகள் திரட்டிய நிதியைக் கொண்டு 1898இல் அங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியொட் மருத்துவமனை திறக்கப்பட்டது. அயலூர்த் தாய்மார் பிள்ளைப்பேற்றுக்கு நாடிச் சென்ற இடம் அது. இவ்வாறு பலருக்குத் தாளில் மட்டும் அறிமுகமான இவ்வூரின் கதையைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியாக ஏறத்தாழ 6 கிலோமீற்றர் வடக்கே சென்றால் இணுவிலை அடையலாம். தெற்கே கோண்டாவில், தாவடி, வடக்கே உடுவில், மேற்கே சுதுமலை, கிழக்கே உரும்பிராய். புலவர்கள் இவ்வூரை இணையிலி என்று சிறப்பித்தனர். ஆயினும், கொக்குவில், கோண்டாவில், இணுவில், உடுவில் என்று அடுத்தடுத்த ஊர்ப்பெயர்கள் வில் என முடிவதைக் கவனிக்க வேண்டும். வில் என்பது நீர்நிலையைக் குறிக்கும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத தீபகற்பத்தில், நீர் தேங்கிய இடங்களை அண்டியே ஊர்கள் உருவாயின என்பதற்கு இப்பெயர்களே சான்றாகலாம்.

மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக் கல். மாரிமழை மண்ணூடாகக் கசிந்து கல்லின் வெடிப்புகளில் தங்குகிறது. அந்த நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். முன்னோர் இதனை அறிந்தே பங்குக் கிணறுகளை வைத்திருந்தனர். நிலத்தோடு கிணற்றுப் பங்கும், நீர் இறைக்கும் முறையும் உறுதியில் எழுதப்பட்டன. துலா மிதித்து இறைத்த நீரில் புகையிலை விளைந்தது. சுருட்டுக் கொட்டில்கள் பலருக்குத் தொழில் தந்தன.

இவ்வுழைப்பின் செல்வம் கோயில்களையும் கலைகளையும் வளர்த்தது. பரராசசேகரப் பிள்ளையார் கோயிலின் பெயர் யாழ்ப்பாண அரசரின் பட்டப்பெயரை நினைவூட்டுகிறது. ஒல்லாந்தர் காலத்துச் சின்னத்தம்பிப் புலவர் சிவகாமி அம்மனைப் பாடினார். கந்தசுவாமி கோயில் மஞ்சம் மரச்சிற்ப வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்றது. தவில் மேதை தட்சணாமூர்த்தி 1933இல் பிறந்ததும் இவ்வூரிலேதான். இயலிசைப் புலவர் வீரமணி ஐயரும் இவ்வூரவரே.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகைவண்டி வந்தது. 1905இல் வடபகுதிப் பாதை முழுமையடைந்தபின் கொழும்பு உத்தியோகம் கைக்கெட்டியது. 1913இல் அருகேயுள்ள மருதனார்மடத்தில் சேர். பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கான கல்லூரியை நிறுவினார். தோட்டக்காரரின் பிள்ளைகள் எழுதுவினைஞராயினர், ஆசிரியராயினர். சீதனமாகக் காணிகள் பிரிந்தன. பிரிந்த துண்டுகளில் வீடுகள் எழுந்தன. துலா போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. ஒரு நாளில் இறைத்த நீரைச் சில மணி நேரத்தில் இறைக்க முடிந்தது.

பின்னர் போர் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்களுக்கு வலிகாமம் தெற்கின் பல ஊர்கள் அடைக்கலம் அளித்தன. 1995 அக்டோபர் 30ஆம் நாள் இரவு, அடைக்கலம் தந்தவர்களும் ஏதிலிகளாகிச் செம்மணி வீதியால் நடந்தனர். 1996இல் திரும்பி வந்தோர் சிலர். திரும்பாமலே வெளிநாடு போனோர் பலர். 1990இல் நின்ற புகைவண்டி 2015 சனவரியில் மீண்டும் காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியது.

இன்று இணுவில் நகரத்தை ஒட்டிய குடியிருப்பாக மாறிவருகிறது. புகையிலை நின்ற தோட்டங்களில் மாடி வீடுகள் நிற்கின்றன. அவற்றுட் சில வெளிநாட்டுப் பணத்தில் எழுந்து, பூட்டிக் கிடக்கின்றன. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. குடியிருக்க நிலம் வேண்டும். ஆனால், வீட்டுக்கு வீடு கிணறும், அதற்குச் சில அடி தூரத்தில் மலக்குழியும் அமையும்போது, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் மழைநீரோடு கழிவையும் உள்ளே விடுகின்றன. தோட்ட உரமும் அதனோடு சேர்கிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வளவு மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் நீதிமன்றம் வரை சென்றதை நாம் மறந்துவிடவில்லை.

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டிருக்கிறது. அது நல்லதே. எனினும், குழாய்நீர் வந்ததென்று குளங்களைத் தூர்த்துவிடலாமா? மழைநீர் வழிந்தோடி மண்ணுக்குள் இறங்கும் தரைகளைச் சீமெந்தால் மூடலாமா? உறுதியில் கிணற்றுப் பங்கை எழுதிவைத்த முன்னோர், நிலத்தடி நீர் தனியொருவருக்கு உரியதன்று என்பதை அறிந்திருந்தனர். ஊரில் வீடு கட்ட எண்ணும் அன்பர்கள், வரைபடம் கீறுமுன், அயலவரின் கிணறு எங்கே இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நன்று.