கடல் போன பிறகும் 'கடற்கரை வீடு'

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கோர்ன்வோலில், டைவார்ட்ரெத் எண்டொரு கிராமம் இருக்கு. பழைய கோர்னிஷ் மொழியில் அந்தப் பெயருக்குக் 'கடற்கரை வீடு' எண்டு அர்த்தம். ஆனால் கிராமத்துக்குப் பக்கத்தில இப்ப கடல் இல்லை. பள்ளத்தாக்கில் புல்வெளி, சதுப்பு, நடுவால ஒரு ரயில் பாதை. கடலைப் பார்க்க வேணுமெண்டால் பார் என்ற துறைமுகப் பக்கம் இறங்கிப் போகவேணும்.

ஒரு காலத்தில் கடல்நீர் இந்தப் பள்ளத்தாக்குக்குள்ள நல்லா உள்ள வரைக்கும் ஏறி வந்தது. பிறகு மேட்டு நிலங்களில் வெள்ளீயம் எடுக்கிறவர்கள் ஆற்று மண்ணைக் கழுவிக் கழுவி, அந்த வண்டலெல்லாம் கீழே வந்து கழிமுகத்தைத் தூர்த்துவிட்டது. ஒரு தலைமுறையில் நடந்ததில்லை, நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. 1830களில் பாரில் புதுத் துறைமுகம் கட்டப்பட்டபோது, படகுகள் முந்தி ஏறிவந்த வழி நிலமாகிவிட்டிருந்தது. 1859இல் ரயிலும் வந்தது.

இந்தப் பெயரை அப்படியே ஆங்கிலத்தில் எடுத்துத் தன்ர நாவலுக்கு வைத்தவர் டப்னி டு மோரியே. 'த ஹவுஸ் ஒன் த ஸ்ட்ராண்ட்', 1969. இவரை 'ரெபெக்கா'வால் (1938) அறிந்த ஆக்கள்தான் கூட. எங்களைக் கேட்டால் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் முதலில் கையில் எடுக்கவேண்டியது இதைத்தான்.

கதை இதுதான். டிக் யங் என்பவர் தன் பேராசிரிய நண்பர் மாக்னஸ் கொடுத்த கில்மார்த் என்ற பழைய வீட்டில் கோடை விடுமுறைக்குத் தங்குகிறார். நண்பர் கண்டுபிடித்த ஒரு மருந்தைக் குடித்தால் மனம் 14ஆம் நூற்றாண்டுக்குப் போய்விடும். அங்கே ரோஜர் என்ற காரியக்காரனின் பின்னால் ஒரு நிழல் மாதிரி நடக்கவேண்டியதுதான். பிரபுக் குடும்பங்களின் கள்ளக்காதல், சொத்துச் சண்டை, கொலை எல்லாம் கண்ணுக்கு முன்னால நடக்கும். கை நீட்டித் தடுக்க ஏலாது. ஆரையாவது தொட்டால் அந்த நொடியே நிகழ்காலத்துக்குத் தூக்கி எறியப்படுவார், வயிற்றைக் குமட்டும்.

டு மோரியேயின் கெட்டித்தனம் அடுத்ததில் இருக்கு. மனம் மட்டும்தான் பின்னுக்குப் போகுது, உடம்பு இருபதாம் நூற்றாண்டிலேயே நடந்துகொண்டு இருக்கு. பழைய காலத்தில் வெறும் வெளியாக இருந்த இடத்தில் இப்ப வேலி இருக்கும், ரோட்டு இருக்கும், தண்டவாளம் இருக்கும். (இதைப் படிக்காதவர்கள் அடுத்த வரியைத் தாண்டிப் போங்கோ.) மாக்னஸ் அப்படித்தான் சாகிறார்: 14ஆம் நூற்றாண்டின் பள்ளத்தாக்கில் நடந்துபோகிறவரை, அவர் காணாத ரயில் ஒன்று அடித்துவிடுகிறது. மண் தூர்ந்து கடல் போன வரலாறு தெரிந்தால் அந்த அத்தியாயம் இன்னும் பயமாக இருக்கும்.

இதில் எவ்வளவு உண்மை? வீடு உண்மை. டு மோரியே 1943 தொடக்கம் மெனபிலி என்ற பெரிய வீட்டில் குத்தகைக்கு இருந்தவர். உரிமையாளர்களான ராஷ்லி குடும்பம் வீட்டைத் திரும்பக் கேட்க, 1969இல் அதே குடும்பத்தின்ர கில்மார்த்துக்கு மாறினார். அங்கே அவருக்கு முன்னம் குடியிருந்தவர் சார்ல்ஸ் சிங்கர், மருத்துவ வரலாற்றாசிரியர். வீட்டின் நிலவறையில் அவர் விட்டுச்சென்ற கண்ணாடிச் சாடிகளுக்குள் கருக்கள் இருந்தன. நாவலில் வரும் நிலவறை ஆய்வுகூடம் அங்கிருந்து வந்ததுதான்.

மெனபிலியிலும் ஒரு இரகசியம் இருந்தது. 1824இல் திருத்தவேலை செய்யும்போது ஒரு முட்டுச் சுவரை உடைக்க, உள்ளே சின்ன அறை. அறைக்குள் 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர்க்கால அரசபக்க வீரனின் உடையோடு ஒரு எலும்புக்கூடு. அந்தக் கதையைக் கேட்டுத்தான் அவர் 'த கிங்ஸ் ஜெனரல்' (1946) எழுதினார்.

கில்மார்த்தில் அவருக்குக் கிடைத்தது எலும்பு இல்லை, ஒரு பெயர். 1327இல் மூன்றாம் எட்வர்ட் மன்னர் காலத்தில் அறவிட்ட வரியின் ஏட்டில் ரோஜர் கில்மார்த் என்ற பெயர் இருக்கு. எங்கட ஊர்த் தோம்பை நினைத்தால் விளங்கும்: ஆளின் பெயர், அவர் கட்டவேண்டிய காசு, அவ்வளவுதான். அசையும் சொத்தில் இருபதில் ஒரு பங்கு வரி. சொத்தே இல்லாத ஏழைகளின் பெயர் அதில் ஏறாது. பெண்களின் பெயரும் அரிது, பெரும்பாலும் விதவைகள்.

நாவலில் வரும் கார்மினோ, பொட்ருகன், சம்பர்னூன் குடும்பங்களும் கோர்ன்வோலின் உண்மையான நிலவுடைமைக் குடும்பங்கள். அவர்களின்ர வம்சாவளியும் நிலப்பத்திரங்களும் கிடைக்குது. ஆனால் இசோல்டா கார்மினோவுக்கும் ஓட்டோ பொட்ருகனுக்கும் இடையிலான காதல் எந்தப் பத்திரத்திலும் இல்லை, அது டு மோரியேயின் கற்பனை. இதில எங்களுக்குள்ள ஒரு வாக்குவாதமே நடந்தது. உண்மையாக வாழ்ந்த ஒருத்தியின் பெயரை எடுத்து அவளுக்கு இல்லாத காதலைக் கொடுக்கலாமோ? ஏட்டில் ஒருவரின் மனைவி என்ற அளவில் மட்டும் நிற்கிற பெண்ணுக்கு ஒரு விருப்பத்தையாவது கொடுத்தாரே என்பது எங்களில் கனபேரின் பக்கம். மற்றவர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

எங்களுக்கு இசோல்டாவை விட ரோஜர்தான் பெரிய ஆள். குடும்ப இரகசியம் எண்டால் குடும்பத்துக்குள்ள இருக்கும் எண்டு நினைப்பம். இந்தக் கதையில் எல்லாம் தெரிந்தவன் கணக்குப் பார்க்கிற, கதவு திறந்துவிடுகிற, கடிதம் கொண்டுபோகிற ரோஜர். பிரபுக்களின் பெயர் வம்சாவளியில் பத்துத் தலைமுறைக்கு நீளுது. அவனுக்கு வரி ஏட்டில் ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு டு மோரியே ஒரு முழு மனிசனைக் கட்டியெழுப்பினார். 1348இல் இங்கிலாந்துக்கு வந்த கொள்ளைநோய் வரைக்கும் அவனோடு நடக்கிறார்.

கதையில் வரும் துறவி மடமும் உண்மையானதே. பிரான்சின் ஆஞ்சே நகரத்து மடம் ஒன்றின் கிளையாக டைவார்ட்ரெத்தில் இருந்தது. 1536இல் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் மூடப்பட்டது. இப்ப நிலத்துக்கு மேல் அதில் ஒரு சுவர்கூட மிச்சமில்லை. டிக் மருந்தைக் குடித்துவிட்டுப் பார்க்கிற கட்டடத்தின் இடத்தில் வெறும் நிலம்.

டு மோரியே கில்மார்த்தில் இருபது வருடம் வாழ்ந்தார். 1989இல் அங்கேயே இறந்தார். வீடு அப்பவும் ராஷ்லி குடும்பத்தின்ர.