அரை வேகம்

ஸ்தவாங்கரில் மழை ஓயும் நேரம் பார்த்துத்தான் கிற்றார் பதிவுசெய்ய வேண்டும். 1992இல் நான் வாடகைக்கு இருந்தது ஸ்தோர்ஹௌக் பகுதியில், பழைய மரவீடொன்றின் மேல்மாடி. கூரைக்கும் என் தலைக்கும் நடுவில் பலகையும் ஓடும் மட்டுந்தான். வடகடலிலிருந்து காற்று மழையை அள்ளிக்கொண்டு வந்தால் மைக்கில் வேறொன்றும் ஏறாது. மழை விட்ட நடுச்சாமங்களில் எழும்பி, போர்வையை யன்னலில் கட்டிவிட்டு உட்காருவேன்.

கருவியின் கதையை முதலில் சொல்லவேண்டும். இங்கே பள்ளிக்கூட வாத்தியக் குழுக்கள் சீருடைக்கும் வாத்தியங்களுக்கும் காசு சேர்க்கப் பழைய சாமான் சந்தை போடும். லொப்பெமார்க்கெத் என்பார்கள். அப்படியொரு சந்தையில், சறுக்குக் கட்டைகளுக்கும் கோப்பிக் கேத்தில்களுக்கும் நடுவில், தேக்குப் பெட்டிக்குள் ஒரு தன்பெர்க் 64எக்ஸ் ரேப் ரெக்கோடர் இருந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. 1987இல் மாணவனாக வந்து சேர்ந்த மக்கள் உயர்பள்ளியில் நோர்வேஜிய மொழி உச்சரிப்புப் பழகியது தன்பெர்க் கருவியில்தான். என் குரலை நானே கேட்டு, பிழையைத் திருத்தி, மறுபடி சொல்லி.

வெப்யோர்ன் தன்பெர்க் 1904இல் வடக்கே பூடோவில் பிறந்த பொறியியலாளர். 1933இல் ஒஸ்லோவில் வானொலித் தொழிற்சாலை தொடங்கினார். ஐம்பதுகளில் ரேப் ரெக்கோடர் செய்யத் தொடங்கியபின் அவர் பெயர் உலகம் முழுக்கப் போனது. பிறகு யப்பானியப் போட்டி, கடன். 1978 ஓகஸ்டில் அவர் இறந்தார், அந்த வருடம் முடிவதற்குள் நிறுவனமும் முறிந்தது. நான் வாங்கிய பெட்டி அதற்கும் முந்தியது. ரீல் சுற்றும் சத்தம்கூட வெளியே கேட்காத அளவுக்கு நேர்த்தியான வேலை.

அதில் இரண்டு விடயங்கள் என்னைக் கட்டிப்போட்டன. ஒன்று, ஒரு தடத்தில் பதிந்ததை ஓடவிட்டு, கூடவே புதிதாக வாசித்து, இரண்டையும் சேர்த்து மற்றத் தடத்தில் ஏற்றலாம். மூன்றாவது அடுக்கு முதல் தடத்தை அழித்துக்கொண்டே ஏறும். அதன்பிறகு இரண்டாவதில் குறை கண்டால் திருத்த வழியில்லை. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு மெல்லிய இரைச்சலும் கூடும். மற்றது, வேகம். செக்கனுக்கு 19, 9.5, 4.75 சென்ரிமீற்றர் என்று மூன்று வேகங்கள். ஒவ்வொன்றும் முந்தியதன் பாதி. 9.5இல் வாசித்ததை 19இல் ஓடவிட்டால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும், வேகமும் இரட்டிக்கும். என் விரலுக்கு எட்டாத துரித சங்கதிகளை அரை வேகத்தில் நிதானமாக வாசித்து, பிறகு ஓடவிட்டபோது கிற்றார் மாண்டலின் போல ஒலித்தது.

கீழ்வீட்டு உரிமையாளர் இந்த அடுக்கு வேலையை ஒரே பார்வையில் விளங்கிக்கொண்டார். அவர் இளமையில் மீன்ரின் லேபிள் அச்சடித்தவர். இந்த நகரம் எண்ணெய்க்கு முன்னர் மீன்ரின்னால் வாழ்ந்த நகரம். நாட்டின் ரின்மீன் தொழிற்சாலைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் இருந்தன. அந்த லேபிளை இவ்வூர்ப் பேச்சில் ‘இடிஸ்’ என்பார்கள். கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். மஞ்சள் காய்ந்தபின் சிவப்பு, சிவப்பின்மேல் நீலம், அதே தாளில், மயிரிழை விலகாமல். நான் மூன்றாவது அடுக்கைக் கேட்கக் கொடுத்தபோது அவர் சொன்னது, “நீலக் கல் கொஞ்சம் விலகிவிட்டது.” உண்மைதான். நான் அரை மாத்திரை பிந்தியிருந்தேன்.

இந்த அடுக்கு வித்தையை வீட்டில் செய்து உலகுக்குக் காட்டியவர் லெஸ் போல். ஹொலிவூட்டில் தன் வீட்டுக் கராஜில், கடிலாக் காரின் பிளைவீலொன்றை வைத்து இசைத்தட்டு வெட்டும் பொறி செய்து, ஒரு தட்டை ஓடவிட்டு அதன்மேல் வாசித்து அடுத்த தட்டில் வெட்டினார். 1948இல் வெளிவந்த அவருடைய ‘லவர்’ அப்படி அடுக்கிய கிற்றார்களால் ஆனது. சில பகுதிகள் அரை வேகத்தில் பதிந்தவை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து ரேப் தொழில்நுட்பம் அமெரிக்கா போனது. 1949இல் பிங் கிரொஸ்பி கொடுத்த அம்பெக்ஸ் கருவியில் இன்னொரு தலையைப் பொருத்தி அதே வேலையை ரேப்பில் செய்தார். முப்பது வருடம் கழித்து, 1979இல், நாலு தடம் கொண்ட கசெற் பெட்டி வந்தது. 1989இல் ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் வீட்டுப் பின்புறம் பதிவறை கட்டினார். நான் போர்வை கட்டிய அதே 1992இல் ‘ரோஜா’ அங்கிருந்து வந்தது.

வழமையாக வீட்டுப் பதிவின் வரலாற்றைக் கருவியின் விலை இறங்கிய கதையாகச் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. காந்தப் பதிவை முதலில் கண்டுபிடித்தவர் நமக்குப் பக்கத்து டென்மார்க்கின் வால்டெமார் பௌல்சன், 1898இல். உருக்குக் கம்பியில் குரலைப் பதிந்தார். வீட்டில் ஆள் இல்லாதபோது வரும் தொலைபேசிச் செய்தியைப் பிடித்து வைக்கலாம் என்பது அவர் நினைப்பு. ஆள் இல்லாத இடத்துக்காகப் பிறந்த கருவி அது. எங்கள் சனமும் அதை அதற்குத்தான் எடுத்தது. யாழ்ப்பாணத்தில் கசெற் என்றால் முதலில் ரெக்கோடிங் பார். பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாளில் போய் வாங்குவோம். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இற்’ எனக்கு வந்ததும் அப்படித்தான். வெளிநாடு வந்த பிறகு கசெற் கடிதமானது. அம்மா பேசி அனுப்புவார், பின்னால் கோழி கொக்கரிக்கும், நாங்கள் திருப்பிப் பேசி அனுப்புவோம்.

என் மெட்டும் அப்படியொரு கடிதம். அப்பா பின்னேரம் சங்கக்கடையைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் வரும்போது ஒழுங்கைத் திருப்பத்தில் விசிலடிப்பார். நாலு சுரம். ச ரி ம ப, சுத்த சாவேரி தொடங்குவதுபோல. அந்தச் சத்தத்துக்குத்தான் அம்மா கேத்திலை அடுப்பில் வைப்பார். அந்த நாலு சுரத்தைக் கட்டைக் கம்பியில் தொடங்கி, மேலே இரண்டு கிற்றாரை அடுக்கி, அரை வேகத்தில் ஒரு வரி சேர்த்து, நாலரை நிமிடம் வரும்படி செய்தேன். எட்டு மாதம் பிடித்தது. 1993இல் கசெற்றுக்கு மாற்றி, கொழும்பு போனவரிடம் கொடுத்தேன். அங்கிருந்து வவுனியா, பிறகு கிளாலிக் கடனீரேரியில் இரவுப் படகு.

அப்போது, யுத்தத்தால் 1990இலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றரி தடைசெய்த பொருள். ஜாம்போத்தல் விளக்கு வெளிச்சத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றித்தான் ரேடியோ கேட்டார்கள். எங்கள் வீட்டில் என் தம்பி நாலு டயோட்டையும் ஒரு கப்பாசிற்றரையும் வைத்து அந்த மின்சாரத்தைக் கசெற் பெட்டிக்கும் ஏற்றினான். அப்பாவின் கடிதம் வந்து சேர ஐந்து மாதம் ஆனது. “அன்புள்ள மகன், உன்ரை வாசிப்பைக் கேட்டம். முடியிற இடத்திலை அது களைச்சுப்போய் இருக்கிற மாதிரி வந்தது. எனக்கு அந்த இடந்தான் நல்லாப் பிடிச்சது.”

நான் அப்படி ஒரு முடிவு வைக்கவே இல்லை. தம்பியின் கை சோர்ந்து, மோட்டர் இறங்கி, ச ரி ம ப கீழே கீழே போயிருக்கிறது.

அதற்குப் பிறகு திரும்பவும் பதிந்தேன். கசெற்றுக்கு மாற்றும்போது, கடைசி நாலு சுரம் வரும் இடத்தில் பெருவிரலை ரீலின் விளிம்பில் வைத்தேன். அழுத்தினால் ரேப் நின்றுவிடும், தொட்டும் தொடாமலும் இருந்தால் மெல்ல இறங்கும். பதினொன்றாவது தடவை சரியாக வந்தது. 1995 தொடக்கத்தில், அரசும் புலிகளும் பேச்சுவார்த்தை நடத்திய மாதங்களில், அது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வருட ஒக்ரோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கிவர, ஊரே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது கசெற் வீட்டோடு நின்றுவிட்டது. சைக்கிளில் அரிசியும் அம்மாவின் தையல் மெசினும் போயின.

அந்த இரண்டாவது கசெற்றைக் கேட்ட இரவைப் பற்றித் தம்பி இங்கு வந்தபிறகுதான் சொன்னான். கடைசி இடம் இறங்கத் தொடங்கியதும் தன் கைதான் சோர்ந்துவிட்டது என்று நினைத்து இன்னும் வேகமாகச் சுற்றினானாம். மெட்டு ஏறவில்லை. இன்னும் சுற்றினானாம். இருட்டுக்குள் அப்பா, “விடடா, அது அப்பிடித்தான்” என்றாராம்.