எலிக்குப் பயந்து பிறந்த கடைத்தெரு

கூட வேலை பார்க்கும் வெள்ளைக்கார நண்பர் ஒருவர் லண்டன் ரீஜண்ட் ஸ்ட்ரீட்டைச் சுற்றிக் காட்டினார். அழகாக வளைந்து போகிற தெரு. 1813ல் பாராளுமன்றத்தில் சட்டமே போட்டு, ஜான் நாஷ் என்ற கட்டடக்கலைஞரை வைத்துப் போட்ட கடைத்தெரு அது. இப்போதிருக்கும் கட்டடங்கள் பிற்பாடு மாற்றிக் கட்டியவை என்றாலும், கோடு அவர் போட்டதுதான். "உங்க ஊர்ல இப்படி ஒண்ணு உண்டா?" என்று கேட்டார். யோசிக்காமல் "மாஸ்க் ரோடு" என்று சொல்லிவிட்டேன். பெங்களூர் பிரேசர் டவுன் மாஸ்க் ரோட்டைப் பார்த்தவர்கள் சிரிப்பீர்கள் :-) ஆனால் அந்தத் தெருவின் கதை ரீஜண்ட் ஸ்ட்ரீட் கதைக்கு நேர் எதிர். அதனால்தான் எனக்குப் பிடிக்கும்.

முதலில் ஒரு விஷயம். பெங்களூர் ரொம்ப காலம் ஒரே ஊராக இருக்கவில்லை. மேற்கே 1537ல் கெம்பேகவுடா கட்டிய பேட்டை. அங்கே அரிசிக்கு அக்கிபேட்டை, வளையலுக்கு பளேபேட்டை என்று சரக்குக்கு ஒரு தெரு. கிழக்கே 1809ல் ஆங்கிலேயர் போட்ட கன்டோன்மென்ட். மதராஸ் பட்டாளத்தோடு சேர்ந்து துணி தைக்கிறவர், தானிய வியாபாரி, கான்ட்ராக்டர், கூலிக்காரர் என்று நம்ம ஆட்களும் வந்து இறங்கினார்கள். கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் போனால் நாராயண பிள்ளை தெரு, வீரப்பிள்ளை தெரு என்று இன்றும் அந்தக் காலத்துப் பெயர்கள் கண்ணில் படும். இரண்டு ஊருக்கும் நிர்வாகமே வேறு வேறு. 1947 வரை அப்படித்தான்.

1898 ஆகஸ்டில் ஹூப்ளி பக்கமிருந்து ரயிலில் பிளேக் வந்தது. பேட்டை, கன்டோன்மென்ட் என்று பார்க்கவில்லை, இரண்டிலும் புகுந்தது. ஜனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைக் காலி செய்தார்கள். நெருக்கமாக வாழ்ந்தால் சாவுதான் என்று அதிகாரிகளுக்கு அப்போதுதான் உறைத்தது. பேட்டை ஜனங்களுக்கு பசவனகுடியும் மல்லேஸ்வரமும் வளர்ந்தன. கன்டோன்மென்ட்டில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த பிளாக்பள்ளி (இன்றைய சிவாஜிநகர்) பக்கத்து ஜனங்களுக்காகப் பிறந்ததுதான் பிரேசர் டவுன். மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்து, பிறகு ரெசிடென்ட் ஆன ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர். 1910 வாக்கில் ஊர் உருவாகிவிட்டது.

திட்டம் போட்டவர் ஜே.எச்.ஸ்டீபன்ஸ் என்ற எஞ்சினியர். அவருடைய கவலையெல்லாம் எலி. எலி வளை தோண்ட முடியாத தரை, காற்றும் வெளிச்சமும் வருகிற அறைகள், வீட்டுக்கு வீடு இடைவெளி. பிளேக் அண்டாத ஊர் அமைப்பது எப்படி என்று 1914ல் ஒரு புத்தகமே போட்டார். ஸ்டீபன்ஸ் ரோடு அவர் பெயரில்தான் இருக்கிறது.

கவனித்தீர்களா? ரீஜண்ட் ஸ்ட்ரீட்டைப் போட்டவர்கள் மனதில் கடைகள் இருந்தன. பிரேசர் டவுனைப் போட்டவர்கள் மனதில் இருந்தது நோய்.

கடைத்தெரு தானாக வந்தது. கச்சி மேமன் வியாபாரி ஹாஜி சர் இஸ்மாயில் சேட் பெயரில் உள்ள மசூதிதான் மாஸ்க் ரோட்டுக்குப் பெயர் தந்தது. 1902ல் தொடங்கிய ஆல்பர்ட் பேக்கரி அந்தத் தெருவில் இன்றும் இருக்கிறது. பெயரோ ஆங்கிலம், நடத்துவது முஸ்லிம் குடும்பம், புனித வெள்ளிக்குச் சிலுவை போட்ட பன் வாங்க வருகிறவர்கள் கிறிஸ்தவர்கள். வாங்குகிறவர் தமிழில் கேட்பார், விற்கிறவர் தக்கினியில் விலை சொல்வார், சில்லறை பற்றிய தகராறு கன்னடத்தில் நடக்கும்!

சண்டையே வந்ததில்லையா என்றால், வந்திருக்கிறது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். பக்கத்திலேயே அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 1991லிருந்து பதினெட்டு வருஷம் திறக்கப்படாமல் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் வெளிச்சம் பார்த்தது. அதே வாரத்தில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறந்தார்கள். "இது யார் ஊர்?" என்ற கேள்வி அங்கே வெறும் பேச்சு இல்லை.

அந்தக் கேள்விக்கு மாஸ்க் ரோடு ஒரு பதில் வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். சிப்பாய்க்குப் பின்னால் வந்தவர், கட்ச்சிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர், பிளேக்குக்குப் பயந்து வந்தவர் என்று அங்கே எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்கள்தான். 1988ல் பிரேசர் டவுனுக்கு புலிகேசிநகர் என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர், சாளுக்கிய மன்னனின் பெயர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டோக்காரரிடம் இன்றும் பிரேசர் டவுன் என்றுதான் சொல்கிறோம், அவரும் மீட்டரைப் போடாமல் கிளம்புகிறார். பெயர்ப்பலகை கார்ப்பரேஷன் கையில் இருக்கலாம். தெரு, அதில் தினமும் பை எடுத்துக்கொண்டு நடப்பவர்கள் கையில்தான்.

வெளியூரில் பிழைக்க வந்த எனக்கு இது கொஞ்சம் தெம்பாகவே இருக்கிறது.