ஹிங்கணேக் குடிசை

புனே நகரில் குடியேறிய தமிழராகிய நாம், கார்வே சாலை, கார்வே நகர் என்னும் பெயர்களை நாள்தோறும் சொல்கிறோம். அப்பெயருக்கு உரிய பெரியாரை அறிந்து கொள்வது, நமக்கு வாழ்வளித்த இம்மராட்டிய மண்ணுக்கு நாம் செலுத்தும் கடனாகும்.

தோண்டோ கேசவ கார்வே 1858-ஆம் ஆண்டு கொங்கணக் கடற்கரைப் பகுதியில், எளிய குடும்பத்தில் பிறந்தார். ஊர் முருட். இளமையில் ஒரு தேர்வு எழுதுவதற்காக, மலைகளைக் கடந்து நூறு மைலுக்கு மேல் சாதாராவுக்கு நடந்தே சென்றார். வயது போதாதவராகத் தோன்றுகிறார் என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டனர்! நடையும் காத்திருத்தலும் அன்று தொட்டே அவருக்குப் பழகிப் போயின போலும்.

1891-இல் பெர்குசன் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். அவ்வாண்டிலேயே மனைவியை இழந்தார். மறுமணம் செய்தால் ஒரு கைம்பெண்ணையே மணப்பது என்று உறுதி கொண்டார். பண்டித ரமாபாயின் சாரதா சதனத்தில் பயின்ற கோதுபாயை 1893-இல் மணந்தார். ஆனந்திபாய் என்பது அவ்வம்மையார் பின்னர்ப் பெற்ற பெயர். முருட் ஊரார் அவரைச் சாதியினின்றும் விலக்கினர். எந்த ஊரின் நன்மைக்காக நிதி திரட்டி வந்தாரோ, அவ்வூரே அவருக்குக் கதவடைத்தது. அவர் சினந்து பேசினாரில்லை.

1896-இல் கைம்பெண்களுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். 1900-இல் அது நகருக்கு வெளியே ஹிங்கணேயில் ஒரு குடிசைக்கு மாறிற்று. கல்லூரியில் பகலெல்லாம் கணக்குப் போதித்த பேராசிரியர், மாலையில் சேற்று வழியே அக்குடிசைக்கு நடப்பார். ஆனந்திபாயின் தங்கை பார்வதிபாய் அத்தவலே, தாமும் கைம்பெண்ணாயிருந்தும், ஊர் ஊராகச் சென்று இல்லத்திற்குப் பொருள் திரட்டினார். இவ்வம்மையாரின் பெயர் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது நம் கருத்து.

ஒன்றை மறைப்பதற்கில்லை. அவ்வில்லம் தொடக்கத்தில் பெரும்பாலும் உயர்சாதிக் குடும்பத்துப் பெண்களுக்கே பயன்பட்டது. அதே புனேயில் 1848-லேயே ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி திறந்திருந்தனர். புலே தம்பதியர் கண்ட பரந்த நோக்கைக் கார்வே எட்டுவதற்குப் பல்லாண்டுகள் ஆயின. 1944-இல், எண்பத்தாறாம் வயதில், சாதி வேற்றுமை ஒழியச் சமதா சங்கம் கண்டார்.

ஜப்பானிய மகளிர் பல்கலைக் கழகம் பற்றிய சிறு வெளியீடு ஒன்று, அவருள்ளத்தில் புதியதோர் எண்ணத்தை விதைத்தது. 1915-இல் பம்பாயில் கூடிய சமூகச் சீர்திருத்த மாநாட்டின் தலைமையுரையில் அதனை வெளியிட்டார். மறு ஆண்டே மகளிர் பல்கலைக் கழகம் பிறந்தது. முதலில் சேர்ந்த மாணவியர் ஐவர்! உயர்கல்வி முழுவதும் தாய்மொழியில். ஆங்கிலம் ஒரு கட்டாயப் பாடம். ஆங்கிலத்தைக் கட்டாயமாக்க வேண்டாம் என்றார் காந்தியடிகள். கார்வே தம் கருத்திலிருந்து நகரவில்லை. தாய்மொழியைப் போற்றுவோர் பிறமொழியை வெறுக்க வேண்டியதில்லை என்று அன்றே கண்டவர் அவர். வேற்று மொழியாரிடையே வாழ்ந்து, பிள்ளைகளுக்குத் தமிழும் கற்பிக்க விழையும் நமக்கு இச்செய்தி மிக நெருக்கமானது.

1920-இல் விட்டல்தாஸ் தாக்கர்சி பதினைந்து இலட்ச ரூபாய் வழங்கினார். அவருடைய அன்னை நாதிபாயின் பெயரையே பல்கலைக் கழகம் ஏற்றது. சட்டப்படியான ஏற்பு கிடைத்ததோ 1951-இல்தான். அதுவரை, அரசின் ஏற்பில்லாத பட்டங்களை நம்பித் தம் பெண்களை அனுப்பிய பெற்றோரின் துணிவையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1958-இல், நூறாம் வயதில், பாரத ரத்னா விருது அவரை வந்தடைந்தது. 1962-இல் மறைந்தார். ஆயினும் நாம் பெரிதும் வியப்பது 1936-ஆம் ஆண்டின் கார்வேயை. பல்கலைக் கழகம் வேரூன்றிய பின், எழுபத்தெட்டு வயதில் ஓய்வு கொள்ளாமல், பள்ளியே இல்லாத சிற்றூர்களுக்குத் தொடக்கப் பள்ளிகள் அமைக்கச் சங்கம் ஒன்று கண்டு, மீண்டும் வீடு வீடாக நிதி கேட்கப் புறப்பட்டார்.