பூனைக்காலியும் நடுக்கமும்

"எங்கட ஆக்கள் பார்க்கின்சன் நோயை அப்பவே கண்டுபிடிச்சு மருந்தும் குடுத்திட்டினம்" எண்டொரு பதிவு அடிக்கடி கண்ணில படுது. பகிர முதல் கொஞ்சம் நில்லுங்கோ. உண்மைக் கதை அதைவிட விசித்திரமானது.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்த நடுக்குவாதம் பற்றி ஒரு சின்ன நூல் எழுதினார். ஆறே ஆறு நோயாளிகள். அதிலயும் சிலரை வீதியில கண்டதோட சரி. ஆயுர்வேதத்தில் 'கம்பவாதம்' எண்டு ஒரு பெயர் இருக்குத்தான். ஆனால் கை நடுங்குறதுக்கு ஆயிரம் காரணம். பெயரை மட்டும் வைத்து இரண்டும் ஒன்று எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது.

உண்மையான தொடர்பு செடிகளில்தான் இருக்கு. பூனைக்காலி தெரியும்தானே? காயின்ர சுணை பட்டால் சொறிஞ்சே சாக வேணும். அதன் விதையைப் பழைய வைத்தியர்கள் பெரும்பாலும் ஆண்மைக்குத்தான் கொடுத்தார்கள், வாத நோய்களுக்கும் சேர்த்தார்கள். 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அந்த விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அது நடுக்கத்துக்கு உதவும் எண்டு அப்ப ஒருத்தருக்கும் தெரியாது.

அதைக் காட்டித் தந்தது இன்னொரு மூலிகை: சர்ப்பகந்தி. பைத்தியத்துக்கு வைத்தியர்கள் கொடுத்துவந்த வேர். 1950களில் அதிலிருந்து எடுத்த ரெசர்பின், இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் உலகம் முழுக்கப் போனது. குடித்த சிலருக்குப் பார்க்கின்சன் மாதிரியே விறைப்பும் நடுக்கமும்! 1957இல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார், அசையாமல் கிடந்தன. டோபா ஏற்றினார், எழும்பி ஓடின. மூளையில் டோபமீன் குறைந்தால் உடல் முடங்கும் என்ற எண்ணம் அங்கேயிருந்துதான் வலுத்தது. 1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச், இறந்த நோயாளிகளின் மூளையில் அந்தக் குறைவை நேரடியாகக் கண்டார். அடுத்த வருசமே நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி. கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு.

ஆக, முடக்கினதும் ஒரு மூலிகைச் சரக்கு, எழுப்பினதும் பூனைக்காலி விதைக்குள்ள கிடந்த அதே பொருள். ரெண்டையும் கைக்குள்ள வைத்திருந்த வைத்தியர்களுக்கு டோபமீன் தெரியாது. அது அவையளுக்குக் குறையுமில்லை.

2004இல் வெளிவந்த ஒரு லண்டன் ஆய்வில் பூனைக்காலி விதைப்பொடி, வழமையான மாத்திரையைவிட வேகமாக வேலை செய்தது. ஆனால் அதில் இருந்தது எட்டு நோயாளிகள்தான். கடைப்பொடியில் எல்-டோபா எவ்வளவு எண்டு விதைக்கு விதை மாறும். வீட்டில யாராவது மாத்திரையை விட்டிட்டுப் பொடிக்கு மாறப்போறன் எண்டு வெளிக்கிட்டால், டொக்டரைக் கேக்காமல் விடாதேங்கோ. திடீரெண்டு நிப்பாட்டினால் உடம்பு விறைச்சு, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம்.