பட்டயம் பறிபோன நகரம்: இலண்டன் 1683, சென்னப்பட்டணம் 1688

இலண்டன் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பெருநகருக்குள் இன்னொரு இலண்டன் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு சதுர மைல் பரப்பு. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஒன்பதாயிரத்துக்கும் குறைவான குடியிருப்பாளர்கள். பகலில் வேலைக்கு வந்து போகிறவர்களோ ஆறு இலட்சத்துக்கும் மேல். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நிறைந்த இந்தப் பகுதியைச் 'சிட்டி' என்பார்கள். என்னைப் போல் மென்பொருள் வேலைக்காக இங்கே வந்த தமிழர்களில் பலருக்கு இது வெறும் அலுவலக முகவரி. ஆனால் இதற்கெனத் தனி மாநகராட்சி, தனிக் காவல்துறை, தனி மேயர் உண்டு. பெருநகர் முழுவதற்கும் 2000ஆம் ஆண்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் மேயர் வேறு. சிட்டியின் லார்டு மேயர் வேறு. புதிதாக வருபவர்கள் இந்த இருவரையும் குழப்பிக்கொள்வது வாடிக்கை.

இந்தச் சிறிய நகரம் தன்னுடைய உரிமைகளைப் பட்டயங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறது. அவற்றில் முதலாவது, வெற்றிவீரன் வில்லியம் 1067இல் பழைய ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த சின்னஞ்சிறு தோல் நறுக்கு. உள்ளங்கையில் அடங்கிவிடும். எட்வர்ட் மன்னன் காலத்தில் இருந்த சட்டங்கள் தொடரும், தகப்பன் சொத்து பிள்ளைக்குப் போகும், உங்களுக்கு எவரும் தீங்கு செய்ய விடமாட்டேன் என்பதே அதன் சாரம். நம் கோயில் சுவர்களில் மெய்க்கீர்த்தி மட்டுமே இருபது வரி ஓடும் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கனம் வியப்பாக இருக்கும்.

இரண்டாவது முக்கியமான பட்டயம், ஜான் மன்னன் 1215 மே 9 அன்று கொடுத்தது. மாக்னா கார்ட்டாவுக்குச் சில வாரங்கள் முந்தியது. ஆண்டுதோறும் தங்கள் மேயரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமை இதில்தான் வந்தது. தேர்ந்தெடுத்தவரை மன்னன் முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை. இன்றும் நவம்பரில் நடக்கும் லார்டு மேயர் ஊர்வலம் அந்த நிபந்தனையின் எச்சம். மூன்றாவதாக, 1341இல் மூன்றாம் எட்வர்ட் கொடுத்த பட்டயம்: பழைய வழக்கம் ஏதாவது காலத்துக்கு ஒவ்வாமல் போனால் நகரத்தார் தங்களுக்குள் கூடித் திருத்திக்கொள்ளலாம். காமன் கவுன்சில் என்ற நகரமன்றம் இன்றும் நாடாளுமன்றத்துக்குப் போகாமலே தன் அமைப்பில் சிலவற்றைத் தானே சட்டமியற்றி மாற்றிக்கொள்வது இதன் பலத்தில்தான். பிரிட்டனில் வேறெந்த உள்ளாட்சிக்கும் இந்த வசதி கிடையாது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், தன் நிரலைத் தானே திருத்தி எழுத அனுமதி பெற்ற நிரல்.

இந்த அனுமதி ஒருமுறை முற்றாகப் பறிபோனது. அந்தக் கதையைத்தான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டாம் சார்லஸ் மன்னனுக்கு முறையான வாரிசு இல்லை. அடுத்து பட்டத்துக்கு வர வேண்டிய தம்பி ஜேம்ஸ் கத்தோலிக்கர். அவரை வாரிசுரிமையிலிருந்து விலக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் ஒரு கட்சி 1679 முதல் போராடியது. அதன் தலைவர் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு. அவர் மீது அரசு இராஜத்துரோகக் குற்றம் சாட்டியது. 1681 நவம்பரில் வழக்கு இலண்டன் பெருநடுவர் குழுவின் முன் வந்தபோது, குற்றச்சாட்டுக்கு அடிப்படை இல்லை என்று அவர்கள் தள்ளிவிட்டார்கள். நடுவர்களைத் தேர்ந்து அழைப்பது நகரத்தின் ஷெரீப்புகள். ஷெரீப்புகளைத் தேர்ந்தெடுப்பது நகரத்தார். ஆக, இலண்டன் நகரமன்றம் எதிர்க்கட்சி கையில் இருக்கும்வரை மன்னனால் தன் எதிரி ஒருவரையும் தலைநகரில் தண்டிக்க முடியாது. உள்ளாட்சித் தேர்தல் என்பது குப்பைவண்டியும் தெருவிளக்கும் பற்றிய சமாசாரம் என்று நினைப்பவர்கள் இந்தச் சங்கிலியைக் கவனிக்க வேண்டும்.

மறு மாதமே மன்னரின் வழக்கறிஞர்கள் 'குவோ வாரண்டோ' என்ற ஆணையை நகரத்தின் மீது கொண்டுவந்தார்கள். 'எந்த அதிகாரத்தால்?' என்பது அந்த லத்தீன் தொடரின் பொருள். எந்த அதிகாரத்தால் நீங்கள் மாநகராட்சியாக இருக்கிறீர்கள், காட்டுங்கள் என்று கேட்பது. குற்றச்சாட்டுகள் இரண்டு. 1666 பெருந்தீக்குப் பின் அமைத்த சந்தைகளில் அனுமதியின்றிச் சுங்கம் வசூலித்தார்கள். நாடாளுமன்றத்தை மன்னன் ஒத்திவைத்ததைக் குறைகூறும் மனு ஒன்றை அச்சடித்துப் பரப்பினார்கள். இந்த இரண்டு தவறுகளால் நகரம் தன் பட்டயங்கள் அனைத்தையும் இழந்துவிட்டது என்பது அரசுத் தரப்பின் வாதம்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஷெரீப் தேர்தலிலும் கைவைத்தார்கள். மேயர் விருந்தில் ஒருவரைப் பார்த்துக் கிண்ணத்தை உயர்த்திக் குடித்தால் அவரை ஷெரீப்பாக நியமித்ததாக அர்த்தம் என்று ஒரு பழைய வழக்கம். 1682இல் மேயர் ஜான் மோர், அரசவைக்கு வேண்டியவரான டட்லி நார்த் என்ற வணிகரைக் குறிப்பிட்டுக் குடித்தார். நகரத்தார் கொதித்தார்கள், ஆனாலும் நார்த் ஷெரீப்பானார். இந்த நார்த்தின் அண்ணன் ஃபிரான்சிஸ் நார்த் நாட்டின் உயர் நீதிப்பதவியில் இருந்தவர். அவர் பெயர் மறுபடி வரும்.

1683இல் வழக்கு இருமுறை விரிவாக வாதிடப்பட்டது. நகரத்துக்காக ஜார்ஜ் ட்ரெபியும் ஹென்றி போலெக்ஸ்ஃபெனும், அரசுக்காக ஹெனேஜ் ஃபிஞ்சும் ராபர்ட் சாயரும் பேசினார்கள். நகரத் தரப்பின் வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. மாநகராட்சி என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டப் பொருள். அதற்கு உடலும் இல்லை, மனமும் இல்லை. தவறு செய்தவர்கள் மனிதர்கள், அவர்களைத் தண்டியுங்கள். குற்றம் செய்ய இயலாத ஒன்றை எப்படிக் கொல்வீர்கள்? அரசுத் தரப்பு கேட்டது: அப்படியானால் மன்னன் ஆட்சிக்குள்ளே யாராலும் கேள்வி கேட்க முடியாத குட்டிக் குடியரசுகள் இருக்கலாமா? இரண்டு கேள்விகளுமே இன்றுவரை உயிரோடு இருப்பவை. ஒரு பெருநிறுவனத்தின் குற்றத்துக்கு யாரைச் சிறையில் அடைப்பது என்று நாம் இன்று கேட்பதும் இதே கேள்வியின் மறுபக்கம்.

ஜூன் 12 அன்று தீர்ப்பு நகரத்துக்கு எதிராக வந்தது. ஆனால் அதை முறைப்படி உடனே பதிவு செய்யவில்லை. சூட்சுமம் அங்கேதான். நகரத்தார் விண்ட்சர் அரண்மனைக்குப் போய் மன்னிப்பு மனு கொடுத்தார்கள். மன்னன் சார்பில் பதில் சொன்னவர் ஃபிரான்சிஸ் நார்த். பட்டயத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் சில திருத்தங்களை ஏற்க வேண்டும். மேயர், ஷெரீப்புகள், ரெக்கார்டர், டவுன் கிளார்க் ஆகிய எவரும் மன்னனின் ஒப்புதல் இல்லாமல் பதவி ஏற்கக்கூடாது. நகரம் தேர்ந்தெடுத்த மேயரை மன்னன் இருமுறை நிராகரித்தால், பிறகு தானே ஒருவரை நியமிப்பான். ஷெரீப்புகளுக்கும் அவ்வாறே.

கில்ட்ஹாலில் காமன் கவுன்சில் கூடி இந்தத் திருத்தங்களைப் பரிசீலித்தது. அந்த அவையில் இருந்தவர்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். நகரத்தின் நிலங்கள், சந்தை வருமானம், மருத்துவமனைகள், அநாதைகளுக்கான நிதி எல்லாமே மாநகராட்சியின் பெயரில் இருந்தன. மாநகராட்சி இல்லையென்றால் அவை யாருடையவை? போதாக்குறைக்கு, அதே நாட்களில் மன்னனைக் கொல்லத் திட்டமிட்டதாக ரை ஹவுஸ் சதி வெளியாகி, கைதுகள் தொடங்கவிருந்தன. ஜூன் 20 அன்று, பெருவாரியான எதிர்ப்புக்கிடையே, சிறிய பெரும்பான்மையில் நிபந்தனைகளுக்கு அவை தலையசைத்தது.

ஆனால் கொள்கையளவில் சம்மதிப்பது வேறு. பத்திரத்தில் முத்திரை வைப்பது வேறு. உரிமைகளை ஒப்படைக்கும் ஆவணம் எழுதி வந்தபோது, அக்டோபர் தொடக்கத்தில் அதே அவை, மறுபடியும் சிறிய பெரும்பான்மையில், முடியாது என்றது. நான்கு மாதங்களில் என்ன மாறியது? என் வாசிப்பில், வித்தியாசம் சட்டநுட்பத்தில் இருக்கிறது. நீதிமன்றம் பறித்ததை இன்னொரு நாள் இன்னொரு நீதிமன்றமோ நாடாளுமன்றமோ திருப்பித் தரலாம். தானே கையெழுத்திட்டுக் கொடுத்ததை எந்த முகத்தோடு கேட்பது? ட்ரெபி போன்ற வழக்கறிஞர்களை வைத்திருந்த நகரத்துக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

உடனே தீர்ப்பு பதிவாயிற்று. மேயரும் ஆல்டர்மேன்களும் இனி மன்னனின் நியமனதாரர்கள். இலண்டனே விழுந்த பிறகு சிற்றூர்கள் எம்மாத்திரம்? இங்கிலாந்தின் பல நகரங்கள் தங்கள் பட்டயங்களைத் தாமாகவே கொண்டுபோய்க் கொடுத்தன. கடல் கடந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பட்டயம் 1684இல் ரத்தானது. ஐந்து ஆண்டுகள் இலண்டன் பட்டயமில்லாத நகரமாக இருந்தது.

நம்மவர்களுக்கு ஆர்வமூட்டும் பகுதி இங்கேதான் வருகிறது. அந்த ஐந்து ஆண்டுகளுக்குள்தான் சென்னைக்கு மாநகராட்சி கிடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டயம் 1687 டிசம்பர் 30 தேதியிட்டது. மேயர், 12 ஆல்டர்மேன்கள், 60க்குக் குறையாத பர்ஜெஸ்கள் என்று அச்சு அசலாக ஆங்கில நகரமன்றத்தின் நகல். கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்டின் கணக்கு எளியது. சென்னப்பட்டணத்து மக்கள் கம்பெனி விதிக்கும் வரியைக் கொடுக்க மறுத்துக்கொண்டிருந்தார்கள். நாம் அதிகாரத்தால் பிடுங்கும் ஆறு பென்ஸைவிட அவர்களே கூடி விதித்துக்கொள்ளும் ஐந்து ஷில்லிங்கை மனமுவந்து தருவார்கள் என்பது கம்பெனியின் எண்ணம். பட்டயத்தை மன்னன் முத்திரையில் கொடுப்பதா, கம்பெனி முத்திரையிலா என்ற கேள்வி இரண்டாம் ஜேம்ஸின் முன்னிலையிலேயே எழுந்தது. கம்பெனி முத்திரையே போதும், மன்னன் பெயரில் பதவி வந்தால் நம் ஊழியர்களுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று சைல்டு சொல்லிச் சாதித்துக்கொண்டார். சட்டபூர்வமாக எது யாருடைய சிருஷ்டி என்பதில் அவர் தெளிவாக இருந்தார். இலண்டனில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவரல்லவா.

1688 செப்டம்பர் 29 அன்று கோட்டையில் ஆளுநர் எலிஹு யேல் முன்னிலையில் நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயராகப் பதவியேற்றார். ஆல்டர்மேன்களில் மூவர் இந்து வணிகர்கள். ஆங்கிலேயரின் எழுத்துக்கூட்டலிலிருந்து மீட்டால் சின்ன வேங்கடாத்ரி, முத்து வீரண்ணா, ஆலங்காத்தா பிள்ளை. கடைசிப் பெயர் தங்கசாலைத் தெரு ஏகாம்பரேசுவரர் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படுவது. யூத வணிகர்களும் அவையில் இருந்தார்கள். ஆரஞ்சு இளவரசர் வில்லியம் படையெடுத்து வருகிறார் என்ற பீதியில் ஜேம்ஸ் மன்னர் இலண்டனுக்குப் பட்டயத்தைத் திருப்பிக் கொடுத்தது அதே ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில். அதாவது, சென்னப்பட்டணத்து மேயர் பட்டயத்தின்படி பதவியேற்ற நாளில் இலண்டன் மேயருக்குப் பட்டயம் இல்லை. சென்னை மாநகராட்சி இலண்டனுக்கு அடுத்துப் பழமையானது என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தச் சில நாட்களுக்குச் சென்னை மட்டுமே இருந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இரண்டு நகரங்களின் பாதையும் அதன்பின் பிரிகிறது. 1690இல் நாடாளுமன்றம் 1683 தீர்ப்பைச் செல்லாது என்று சட்டமியற்றியது. அதோடு நிற்காமல், எந்தத் தவறுக்காகவும் இலண்டனின் உரிமைகள் இனி ஒருபோதும் பறிமுதலாகாது என்றும் எழுதிவைத்தது. சென்னையிலோ 1726இல் ஜார்ஜ் மன்னரின் பட்டயம் வந்தபோது மேயரும் ஒன்பது ஆல்டர்மேன்களும் கொண்ட அவையில் பெரும்பான்மை பிறப்பால் பிரிட்டிஷ் குடிகளாக இருக்க வேண்டும் என்றானது. வேங்கடாத்ரிகளுக்கும் பிள்ளைகளுக்கும் இடம் போயிற்று.

1690 கவசத்துக்கு ஒரு விலையும் உண்டு. 1835இல் இங்கிலாந்தின் நகராட்சிகள் அனைத்தையும் சீர்திருத்திய சட்டம் சிட்டியைத் தொடவில்லை. 1969இல் மற்ற எல்லா இடங்களிலும் ஒழிந்த வணிகர் வாக்கு சிட்டியில் மட்டும் தப்பியது. 2002இல் சிட்டியே கேட்டு வாங்கிய வார்டு தேர்தல் சட்டம் அதை விரிவாக்கியது. 9 பேர்வரை வேலை செய்யும் நிறுவனத்துக்கு ஒரு வாக்காளர். 50 பேர்வரை ஐந்து பேருக்கு ஒருவர். அதற்குமேல் பத்துடன், கூடுதலாக ஒவ்வொரு ஐம்பது பேருக்கும் ஒருவர். ஜான் மெக்டொனல் போன்ற தொழிற்கட்சி உறுப்பினர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள்.

எதிர்ப்பு நியாயமென்றே நினைக்கிறேன், ஆனாலும் அதன் பயனாளிகளில் நானும் ஒருவன். அலுவலகத்தில் பெயர் கேட்டு மின்னஞ்சல் வந்தபோது கொடுத்தேன். காமன்வெல்த் குடிமகன் என்பதால் இந்தியக் கடவுச்சீட்டு தடையில்லை. வீடிருக்கும் ஈஸ்ட் ஹாமில் நியூஹாம் மன்றத்துக்கு ஒரு வாக்கு, மேசையிருக்கும் சிட்டியில் இன்னொன்று. அலுவலகத்தை இரவில் சுத்தம் செய்யும் பெண்மணியும் அங்கேதான் வேலை செய்கிறார். நிறுவனம் தன் வாக்காளர்களைத் தன் பணியாளர்களின் கலவையைப் பிரதிபலிக்கும்படி தேர்வுசெய்ய முயல வேண்டும் என்று வழிகாட்டல் உண்டு. ஆனால் அவர் வேறொரு ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். எங்கள் பட்டியலில் அவர் பெயர் வர வழியில்லை.

கவசம் இல்லாத நகரங்களின் நிலை என்ன என்பதற்குத் தொலைவில் போக வேண்டாம். தேம்ஸின் மறுகரையில் கவுண்டி ஹாலில் இருந்த பெரிலண்டன் மன்றத்தை 1986இல் தாட்சர் அரசு ஒரு சட்டத்தால் கலைத்தது. அந்தக் கட்டடத்தில் இப்போது மீன் காட்சியகமும் விடுதிகளும் இருக்கின்றன. பதினான்கு ஆண்டுகள் இந்தப் பெருநகருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொது நிர்வாகம் இல்லை.

சென்னையில் மஸ்டர் ரோல் ஊழலைக் காரணம் காட்டி 1973இல் மாநில அரசு மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தது. ஊழல் இல்லை என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் தவறு செய்த மனிதர்களோடு சேர்த்து மன்றமும் போயிற்று. ட்ரெபியின் வாதத்தை அங்கே சொல்ல ஆளில்லை. அடுத்த தேர்தல் 1996இல். இடையில் 74ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்து, ஒரு நகரமன்றத்தைக் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும், பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று விதித்தது. நமக்குக் கிடைத்த 1690 அது. இருந்தும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த சென்னை மன்றத்துக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நகரத்தின் வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றிக்கொண்டிருந்தவர் அரசு நியமித்த தனி அலுவலர்.